மெலிவின் வலிமை: தமிழ்த் திரையிசையில் மின்னணு பேஸ் ஒலி

தமிழிசை மரபு ஒலியின் மூன்று தானங்களை மெலிவு, சமன், வலிவு என்று அழைத்தது. கீழ்த்தாயி மெலிவு, மேல்தாயி வலிவு. இன்று இசைக்கூடங்களில் 'பேஸ்' எனப்படுவது இந்த மெலிவுத் தானத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 20 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் இதில் அடங்கும். பெயரிலேயே மெலிந்திருக்கும் இந்தப் பகுதியை வலிமையாக ஒலிக்கச் செய்வதுதான் மென்பொருள் வழி இசையாக்கத்தில் அதிக நேரத்தை விழுங்கும் வேலை. அந்த வேலை தமிழ்ப் பாடல்களில் எப்படி நடந்து வந்திருக்கிறது, அதனால் கிடைத்ததும் இழந்ததும் என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கேட்கும் கருவி

பேஸ் ஒலியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதை உருவாக்குபவரிடமிருந்து தொடங்கும். கேட்பவரிடமிருந்து தொடங்குவதே சரி. மேட்டூர், சேலம், நாமக்கல் பகுதிகளில் கோயில் விழாவுக்கும் கல்யாணத்துக்கும் சவுண்டு சர்வீஸ்காரர்கள் நெடுங்காலம் கட்டியது குழாய் ஸ்பீக்கர். ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் நீராடி அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வைக்க வரும் கூட்டத்தின் காதில் விழுந்த பாட்டும் அதன் வழியே வந்ததுதான். கூம்பு வடிவக் குழாய் தொலைவுக்குக் கேட்கும். ஆனால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிலிருந்து வருவது மிகக் குறைவு. 1980களில் இளையராஜா பாடலுக்குப் பாடல் எழுதிய பேஸ் கிடார் ஓட்டங்களை ஊர்க்காரர்கள் பலர் அன்று கேட்கவே இல்லை என்று சொல்லலாம். குரலும் வயலினும் வந்தன, அடியில் ஓடியது வரவில்லை.

பிறகு பெட்டி ஸ்பீக்கர் வந்தது. தனியார் பேருந்துகளில் இருக்கைக்கு அடியில் ஊஃபர் வந்தது. சேலம் வட்டாரத்தில் பேருந்தைப் பாட்டுக்காகத் தேர்ந்து ஏறும் பழக்கம் உண்டு. அங்கே நிலைமை நேர் எதிர்: பேஸ் மட்டும் கேட்கும், சொல் கேட்காது. இப்போது கைபேசி. அதன் சிறு ஒலிபெருக்கி மறுபடியும் குழாய் ஸ்பீக்கரின் காலத்துக்கே காதைக் கொண்டுபோய்விட்டது. ஒரே பாட்டு இந்த மூன்றிலும் நிற்க வேண்டும் என்பதே இன்றைய இசையமைப்பாளரின் சிக்கல்.

வந்த வழி

ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர்-808 தாளக் கருவியையும், அடுத்த ஆண்டு டிபி-303 பேஸ் கருவியையும் வெளியிட்டது. பின்னது, உடன் வாசிக்க பேஸ் கலைஞர் இல்லாதவர்களுக்காகச் செய்யப்பட்டது. விற்பனை படுத்துவிட்டது. பம்பாய் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் இந்த இரண்டையும் ஜூபிட்டர்-8 சிந்தசைசரோடு சேர்த்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அதைப் பொருட்படுத்தியவர் குறைவு. சிகாகோவில் 1987இல் வெளிவந்த 'ஆசிட் டிராக்ஸ்' வழியாக அதே கருவி உலகப் புகழ் பெற்றது. சரண்ஜித்தின் தட்டு 2010இல் மறுவெளியீடு கண்டபோதுதான் ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே அந்த ஒலி இந்தியாவில் பிறந்திருந்தது தெரியவந்தது. டிபி-303இல் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. ஜாரு பழகிய காதுக்கு அது அந்நியமல்ல.

தமிழில் 1986ஆம் ஆண்டைக் குறிப்பிட வேண்டும். 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' ஆகிய படங்களில் இளையராஜா மின்னணுக் கருவிகளை வெளிப்படையாகவே முன்னிறுத்தினார். 'புன்னகை மன்னன்' கருப்பொருள் இசையில் பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் ஆன திலீப்பின் பங்கும் இருந்தது. ரகுமானின் 'ரோஜா' 1992இல் வந்தது. கோடம்பாக்கத்து வீட்டோடு அமைந்த பஞ்சதன் ஒலிக்கூடத்தில், கீத் பீட்டர்ஸின் பேஸ் கிடார், சிந்தசைசர் அடுக்குகள், ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதரின் கலவை ஆகியவை கூடி தமிழ்ப் பாட்டின் அடித்தளத்தையே மாற்றின. 1990களில் கேசட் கடைகளில் 'பேஸ் நல்லா இருக்கு' என்பது பாராட்டுச் சொல்லாகவே ஆனது. 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் (இன்றைய எஃப்எல் ஸ்டுடியோ) வந்த பிறகு, ஒரு கணினி இருந்தால் போதும் என்ற நிலை மெல்ல மெல்லச் சிற்றூர் வரை வந்தது.

வலிமை எங்கிருந்து வருகிறது

புதிதாகப் பழகும் மாணவர் முதலில் செய்வது ஒலியளவைக் கூட்டுவது. அது பலன் தராது. மனிதக் காது தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மந்தமானது. 50 ஹெர்ட்ஸ் ஒலியை 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அளவுக்கு உணரப் பல மடங்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் பாட்டின் மற்ற எல்லாவற்றின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

மாற்று வழி மேற்சுரங்களில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு தூய சைன் அலையை ஒலித்தால் கைபேசியில் மௌனம்தான். அதே அலையைச் சாச்சுரேஷன் அல்லது மென்மையான டிஸ்டார்ஷன் வழியே செலுத்தினால் 100, 150, 200, 250 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் அதன் மடங்குகள் பிறக்கின்றன. சிறு ஒலிபெருக்கி இவற்றில் மேலுள்ள சிலவற்றை மட்டுமே தரும். அவற்றின் இடைவெளி 50 என்பதைக் கொண்டு மூளை, இல்லாத அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. பேருந்து ஊஃபருக்கு அடிச்சுரம், கைபேசிக்கு மேற்சுரம் என ஒரே பேஸை இரு அடுக்காகச் செய்வது இந்தத் தத்துவத்தில்தான்.

இன்னொன்று இடம் விடுதல். கிக் அடியும் பேஸ் சுரமும் ஒரே நொடியில் ஒரே அதிர்வெண்ணில் மோதினால், அலைகள் எதிரெதிராக அமைந்து ஒன்றை ஒன்று அழிக்கலாம். கிக் விழும் கணத்தில் பேஸ் தானாகத் தாழும்படி சைட்செயின் கம்ப்ரசரை அமைப்பதும், ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மோனோவாக வைப்பதும் இதற்காகவே.

அறையைப் பற்றி மென்பொருள் எதுவும் சொல்லாது. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6.9 மீட்டர். அதில் பாதி, சுமார் 3.4 மீட்டர், நம் ஊர்களின் சாதாரணப் படுக்கையறை நீளம். எனவே அந்த அறையில் 50 ஹெர்ட்ஸ் சுவரோரம் பொங்கும், நடுவில் காணாமல் போகும். நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் 'பேஸ் பற்றவில்லை' என்று மேலும் மேலும் கூட்டுவார். கான்கிரீட் சுவர் அலையை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால் இது இன்னும் மோசமாகும். மேட்டூர்வாசிக்குக் கூடுதலாக ஒரு பரிச்சயம் உண்டு: நீர்மின், அனல்மின் நிலையங்கள் உள்ள ஊரில் மின்மாற்றியின் உறுமல் புதிதல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த உறுமல் 100 ஹெர்ட்ஸில் அமைகிறது. மேற்கத்திய ஜி சுரத்துக்கு (98 ஹெர்ட்ஸ்) மிக அருகில். ஜியில் அமைந்த பாட்டை மோசமான வயரிங்கில் பதிவு செய்தால், சுருதி பிசகிய இன்னொரு பேஸ் இலவசமாகக் கிடைக்கும்.

எடையும் குரலும்

இளையராஜாவின் பேஸ் ஒரு குரல். அது பாடகருக்கு எதிராக நடக்கிறது, சில இடங்களில் கேள்வி கேட்கிறது, நின்று கேட்கவும் செய்கிறது. அதைத் தனியே முணுமுணுக்க முடியும். 2010களுக்குப் பிந்தைய தமிழ்ப் பாட்டில், குறிப்பாகக் கதாநாயகன் நுழையும் காட்சிகளின் இசையில், பேஸ் பெரும்பாலும் ஓர் எடை. 808 கிக்கின் நீண்ட வாலை ஒன்றிரண்டு சுரங்களில் இழுத்து விடுவதோடு வேலை முடிகிறது. அனிருத்தின் 'விக்ரம்' (2022), 'ஜெயிலர்' (2023) படங்களில் அது திரையரங்கில் நெஞ்சை அதிரவைக்கிறது என்பதை மறுக்க முடியாது. அந்த நோக்கத்துக்கு அது கச்சிதமான வேலை. ஆனால் அரங்கை விட்டு வந்த பிறகு நினைவில் தங்குவது அதிர்வுதான், ஓட்டம் அல்ல. குறை கருவியிலும் இல்லை, மென்பொருளிலும் இல்லை. ஆயத்த ஒலிகளைத் திறந்ததும் பேஸ் பெரிதாகவே கேட்கிறது, அதனால் எந்தச் சுரம் என்ற கேள்வியே எழுவதில்லை. சந்தோஷ் நாராயணன் 'அட்டகத்தி' (2012) தொடங்கிச் செய்த பலவற்றில் பேஸும் தோல் கருவியும் ஒன்றையொன்று கேட்டு வாசிக்கின்றன. எடையும் குரலும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அவை சான்று.

இங்கே கொங்குப் பகுதியில் உள்ள ஒரு வளம் பயன்படாமல் கிடக்கிறது. உருமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் முனகல், கீழிருந்து மேலாக வழுக்கும் ஒரு பேஸ். மென்பொருளில் 'கிளைடு' என்று அமைத்துக்கொள்வதை அது கையால் செய்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவை பூசிச் சுருதியைத் தாழ்த்துவதும் இதே தேடல்தான். இன்றைய பாடல்களில் உருமி பெரும்பாலும் தாளத்துக்கு மசாலாவாகச் சேர்கிறது. அதன் முனகலைச் சுருதிக்கு இணக்கி, அடியில் ஒரு சைன் அலையைக் கூடவே நகர்த்தினால் அது முழுமையான பேஸ் இசைக்கருவியாகும். ஆயத்த ஒலித் தொகுப்பு எதிலும் அந்த ஒலி அதே தன்மையில் கிடைக்காது.

மற்றொரு பக்கமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரம்பிடுகின்றன. ஆனால் அளவிடுவது 'ஏ' எடைமுறையில். அம்முறை 63 ஹெர்ட்ஸ் ஒலியை 26 டெசிபெல் குறைத்தே கணக்கிடுகிறது. குழாய் ஸ்பீக்கரின் கீச்சொலியை நன்றாகப் பிடிக்கும் மீட்டர், ஜன்னல் கண்ணாடியை நடுங்கவைக்கும் பெட்டி ஸ்பீக்கரைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கதவைச் சாத்தினாலும் பயனில்லை. தாழ்ந்த அதிர்வெண்கள் சுவரை எளிதில் ஊடுருவுகின்றன, தெருக்கோடி வீட்டில் பாட்டின் சொல் கேட்காமல் அடி மட்டும் கேட்பது அதனால்தான்.