பறிக்கு எந்தக் கட்டம்?

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்ட ஆவணத்தைப் பழவேற்காட்டை மனதில் வைத்து வாசித்தேன். 2020இல் 20,050 கோடி ரூபாய் மதிப்பில் வந்த திட்டம் அது. அதன் தொலைநோக்கில் குறை காண எதுவுமில்லை: சூழலைக் கெடுக்காத, வருமானம் தரும், எல்லோரையும் உள்ளடக்கும் மீன்வளம். அடுத்த படியில் இலக்குகள் வருகின்றன. கூடுதலாக 70 லட்சம் டன் மீன் உற்பத்தி, ஒரு லட்சம் கோடி ரூபாய் ஏற்றுமதி, பிடித்த மீனில் வீணாவதை 20-25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டளவுக்குக் குறைப்பது. அதற்கும் கீழே மாநிலமும் மாவட்டமும் செய்து காட்டவேண்டிய இனங்கள்: குளிர்பதனக் கிடங்கு, படகு, கூண்டு, ஐஸ் பெட்டி பொருத்திய இருசக்கர வண்டி. மேல்படியில் 'எல்லோரும்' என்று இருந்தவர்கள் கீழ்ப்படிக்கு வரும்போது பொருள்களாகிவிடுகிறார்கள்.

இலக்குகளை வகுத்து நிர்வகிக்கும் முறையை 1954இல் பிரபலமாக்கிய பீட்டர் டிரக்கர்கூட, தன் இலக்கை வகுப்பதில் ஒருவர் தானே பங்கெடுக்க வேண்டும் என்றார். அவர் மேலாளர்களைப் பற்றிப் பேசினார். சேற்றில் நிற்பவர்கள் அந்தப் பேச்சில் இல்லை.

ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களையே எடுத்துக்கொள்வோம். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஆழமில்லாத நீரில் உட்கார்ந்தும் நகர்ந்தும் செய்யும் வேலை அது. படகு இல்லை, வலை இல்லை. மானியம் கணக்கிட ஓர் 'அலகு' வேண்டும் என்கிறது திட்டம். இவர்களுடைய அலகு இரண்டு கைகள்தான்.

பெண்கள் எண்ணோடு வரும் இடம் மானியப் பங்கு: பொதுப் பிரிவுக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கு 60. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐஸ் பெட்டி வண்டியின் அலகு விலை 75,000 ரூபாய் என்றால் 45,000 மானியம் போக 30,000 அவர் பொறுப்பு. காலையில் வட்டிக்கு வாங்கி ஏலம் எடுத்து, விற்றபின் மாலையில் அடைக்கும் கூடைக்காரி அதற்கு எங்கே போவார்? போனாலும் வண்டி ஓட்டப்போவது வீட்டு ஆண்தான் என்றால், அந்த 60 விழுக்காடு யாருக்கானது?

வீணாவதைக் குறைக்கும் இலக்கு இன்னும் வேடிக்கை. விற்காத மீனைக் கீறி, உப்பிட்டு, காயவைத்து, காக்கை நாய் அண்டாமல் காவல் காத்துக் கருவாடாக்குவதைக் காலங்காலமாகப் பெண்கள் செய்துவருகிறார்கள். அந்த 10 விழுக்காட்டை நோக்கி உழைப்பவர்கள் அவர்கள். ஆவணத்தின் பார்வையிலோ அது கட்டடமும் குளிர்பெட்டியும் செய்யும் வேலை.

இப்படிப் பேசும்போது, ஊர்க்கட்டுப்பாடு இதைவிட மேல் என்று சொல்வது நம்மிடையே வழக்கம். பாடு முறை அழகானதுதான். பழவேற்காட்டுப் பட்டினவர் குப்பங்களில் சீட்டுக் குலுக்கி, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைப்பார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்காது. எழுதிவைத்த நோக்கவுரை எதுவும் இல்லாமலே, எல்லா வீட்டுக்கும் பங்கு என்பது ஊர்த் தலைவருக்கும் தெரியும், வலை இழுக்கும் பையனுக்கும் தெரியும். எந்த நிறுவனமும் பொறாமைப்படக்கூடிய தெளிவு இது. ஆனால் 'வீடு' என்பதை எண்ணும் அலகு தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் மணமான ஆண். வேறு சாதிக்காரருக்கும் அந்தப் பாட்டில் இடமில்லை. இருளர் பெண் இரண்டு கணக்கிலும் வெளியே. டெல்லி ஆவணத்தைவிட இதுதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. அங்கே எழுதியவர் அவளைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இங்கே தினமும் பார்க்கிறார்கள்.

இலக்கைக் கீழிருந்து எழுதினால் என்ன வரும்? முகத்துவாரம் மண்மேடிட்டு அடையாமல் இருக்கவேண்டும், கடல்நீர் வந்தால்தான் இறால் வரும். ஏலக்கூடத்தில் பெண்களுக்கு நிழலும் கழிப்பறையும் வேண்டும். மணல் ஒட்டாமல் கருவாடு காயவைக்க ஒரு தளம் வேண்டும். இவற்றில் இப்போதைய பட்டியலில் எளிதாக ஏறக்கூடியது அந்தத் தளம்தான். அதையும் எங்கே, யார் பெயரில் கட்டுவது என்று முடிவுசெய்யக் கூடும் ஊர்க்கூட்டத்தில் தலைக்கட்டுகள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.