முதியோர்க்குப் பொறியா, பொறிக்கு முதியோரா?

கொவிட் நோய்க் காலத்தில் லூமுட் படகுத்துறையானாலும் சித்தியவான் சந்தையானாலும் உள்ளே செல்வோர் மைசெஜாத்ரா செயலியைத் திறந்து, வாயிலில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. 2020இல் வந்த இம்முறை 2022 மே 1ஆம் நாள்தான் கட்டாயமற்றதாயிற்று. அதுவரை தோட்டத்து முதியோர் பலர் பிள்ளைகளின் துணையை நாடினர். அல்லது வாயிலில் இருந்த நோட்டுப் புத்தகத்தில் பெயரை எழுதுவித்தனர். படியாதவர்கள், அதனால் தெரியவில்லை என்று எளிதாகத் தீர்ப்புக் கூறப்பட்டது. அத்தீர்ப்பு சரியன்று.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம். வகுப்பு முழுவதும் ஒரு கணக்கைத் தவறாகச் செய்தால் நல்லாசிரியர் பிள்ளைகளைக் குறை கூறார். தாம் நடத்திய பாடத்தைத் திருப்பிப் பார்ப்பார். செயலி சமைப்போர்க்கு அப்பயிற்சி இல்லை போலும்! முதியோர் அறிந்தவை அழுத்தினால் உள்ளே போகும் பொத்தானும், திருகினால் திரும்பும் குமிழுமே. கண்ணாடித் திரையிலோ அழுத்தியதற்கு அடையாளமே இல்லை. மேலும், தொடுதிரை விரலின் மின்கடத்தலை உணர்ந்து இயங்குவது. பால்வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்து உலர்ந்த விரலை அது பல வேளை உணர்வதில்லை. மூதாட்டி மும்முறை அழுத்துகிறார். வேறொரு பக்கம் திறந்துகொள்கிறது. தவறு யாருடையது?

2024இன் முதல் மூன்று திங்கள் நடந்த 'பாடு' பதிவும் அடையாள அட்டையையும் முகத்தையும் தாமே படமெடுத்து அனுப்பக் கேட்டது.

மாறாக, 2025 ஆகஸ்ட் 31இல் தொடங்கிய சாரா உதவியைப் பாராட்டலாம். 18 வயது நிறைந்த குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் 100 ரிங்கிட் மைகாட் வழியே வழங்கப்பட்டது. பதிவும் வேண்டா, கைப்பேசியும் வேண்டா; 2001இல் அறிமுகமாகிச் சுருக்குப் பையில் இடம்பிடித்துவிட்ட அதே அட்டையைக் கடையில் நீட்டினால் போதும். பொறியின் அறிவு முழுவதும் கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. ஆயினும் அவ்வட்டையே வங்கியில் பெருவிரல் ரேகை கேட்கும்போது, உழைத்துத் தேய்ந்த விரல் மீண்டும் தடையாகிறது.

பேச்சைக் கேட்டு இயங்கும் சேவை இயலாததன்று. தமிழைக் கேட்டு எழுதும் வசதியைக் கூகுள் 2017இலேயே தந்துவிட்டது. ஆனால், எந்தத் தமிழ்? செய்தி வாசிப்போர் தமிழைப் புரிந்துகொள்ளும் பொறி, "பாசாருக்குப் போவணும், பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்னும் தோட்டத்துத் தமிழைப் புரிந்துகொள்ளுமா? அதனைச் சோதிக்க, லூமுட்டைச் சுற்றியுள்ள முன்னாள் தோட்டத்து முதியோரை, அவர்கள் இருக்கும்போதே பேசவைத்துப் பதிவு செய்தல் வேண்டும். கோலாலம்பூரில் இளைஞரை மட்டும் கொண்டு அதனைச் செய்துவிட இயலாது.