அப்படி ஒரு தாய் இருப்பாளா?

சென்ற மாதம் வாசகர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். என் கதையொன்றில், தகப்பனார் விட்டுச் சென்ற வீட்டில் தனக்குள்ள பங்கைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, அக்காள் புன்னகையோடு வெளியே வருகிறாள். "எந்த அக்காள் ஐயா இப்படிச் சிரிப்பாள்? நீர் ரிஜிஸ்திரார் ஆபீஸ் பக்கம் போனதுண்டா?" என்று கேட்டிருந்தார்.

தாம்பரத்தில் ரயில் ஏறியதும் கடிதத்தைப் பிரித்தேன். பல்லாவரம் வருவதற்குள் மனசுக்குள் பதில் தயார். கிண்டியில் அது இன்னும் காரமேறிற்று. மாம்பலத்தில் இறங்கும்போது, இலக்கியம் என்றால் என்னவென்றே அந்த மனிதருக்குத் தெரியாது என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. அவர் இலக்கியத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, அக்காளைப் பற்றித்தான் கேட்டார் என்பது இரவு சாப்பிட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. அப்போது ஜெயகாந்தன் நினைவுக்கு வந்தார்.

1966-ல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள் ஒரு கல்லூரிப் பெண், காரில் வந்தவன் ஏற்றிக்கொள்கிறான், கெடுத்துவிடுகிறான். வீடு திரும்பியவளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அவ்வளவுதான் கதை. வாசகர்கள் கொதித்து எழுந்தார்கள். கண்டனங்கள் குவிந்தன. வசவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அவற்றின் அடியில் கிடந்தது ஒரே கேள்வி: அப்படி ஒரு தாய் நம் வீடுகளில் இருப்பாளா?

ஜெயகாந்தன் வாயை மூடிக்கொண்டிருக்கும் ரகம் அல்ல. அவருடைய முன்னுரைகளில் பாதி, சண்டைக்கு அழைப்புத்தான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பெரிய பதில் முன்னுரையில் இல்லை. ஒரு நாவலில் இருக்கிறது. சரி, இருக்கமாட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் அந்தப் பெண் என்ன ஆவாள்?

தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்து, பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று பெயர் மாறிய நாவல் அது. கதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. நாவலில் அவள் கங்கா. இங்கே தாய் தண்ணீர் கொட்டவில்லை. ஒப்பாரி வைத்து ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஆதரித்துப் படிக்கவைக்கும் மாமாவுக்கோ அவள்மீதே கண். கண்டித்தவர்கள் கேட்ட உலகம் இதுதானே? இந்தாருங்கள் என்று கையில் கொடுத்துவிட்டார். இதில் குறும்பும் உண்டு. நாவலில் வரும் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர்தான் 'அக்கினிப் பிரவேச'த்தை எழுதியவர். தன் கதை வேறு முடிவோடு அச்சாகியிருப்பதைக் கங்காவே படிக்கிறாள்! தனக்குக் கிடைக்காத தாயை அவள் பத்திரிகையில் பார்க்கிற அந்த இடத்தைவிடக் கடுமையான பதிலை எந்தக் கண்டனக்காரருக்கும் யாரும் எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைத் தோல்வி என்று சொல்வாரும் உண்டு. சிறுகதையின் கச்சிதம் நாவலில் இல்லைதான். சில இடங்களில் பாத்திரங்கள் பேசாமல் ஆசிரியரே பேசுகிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் தம்முடைய பழைய தாயை வாபஸ் வாங்கவில்லை. இரண்டு தாய்மார்களும் இன்றுவரை பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். யார் பக்கம் சேருவது என்ற சங்கடம் வாசகருக்குத்தான். 1972-ல் நாவலுக்கு சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது, 1977-ல் படமாகவும் வந்தது. அதெல்லாம் பின்னால் வந்த சமாசாரம். தொடரை எழுத உட்கார்ந்தபோது அவர் கையில் இருந்தது வசவு மட்டுமே.

எல்லாக் கண்டனத்துக்கும் நாவல் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. சிலவற்றில் கேள்வியே இருக்காது, வெறும் வயிற்றெரிச்சல்தான் இருக்கும். அதைக் குப்பைக் கூடையில் போடுவதில் பாவமில்லை. தொல்லை என்னவென்றால், ரயிலில் படிக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் சுடுகின்றன.

என் வாசகருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அக்காளின் புன்னகையை மட்டும் அடித்துவிட்டேன். நாலு நாளாயிற்று, விடுதலைப் பத்திரத்தின் முன்னால் பேனாவைப் பிடித்தபடியே அவள் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.