சீகன்பால்க்கின் நூலும் போதகர் பயிற்சியில் மானிடவியலும்

இறையியற் கல்லூரியில் மானிடவியலுக்கு இடம் வேண்டுமா என்று ஐயுறுவோர், சீகன்பால்க் ஐயர் 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் எழுதி முடித்த 'மலபார்த் தெய்வங்களின் வம்சாவளி' என்னும் நூலை ஆராய்வது நலம். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரியர் என்றே அழைத்தனர்.

இந்நூலின் தலையாய சிறப்பு அதன் முறையே. ஆசிரியர் சுவடிகளைப் படித்ததோடு அமையாது, தமிழர்க்குக் கடிதம் எழுதி வினவினார்; அவர்கள் தந்த விடைகளை அவர்கள் சொல்லாகவே நூலில் சேர்த்தார். ஐயனார், மாரியம்மன், எல்லம்மன் முதலிய கிராம தேவதைகளுக்கு ஒரு முழுப் பகுதியை ஒதுக்கினார். ஆயினும் ஹாலே நகரிலிருந்த பிராங்கே இதனை அச்சிட இசையவில்லை. 154 ஆண்டுகள் கழித்து, 1867இல், ஜெர்மான் என்பவர் இதனைச் சென்னையில் பதிப்பித்தார்.

குறைகளும் உள. கடிதம் எழுதியோர் எழுத்தறிந்தோரே. ஆகவே வயலில் உழைத்தோர், பெண்கள் ஆகியோரின் குரல் அருகியே ஒலிக்கிறது. தெய்வங்களை வரிசைப்படுத்தும் ஆவல், வழிபடுவோரின் அன்றாட வாழ்வைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மக்களோடு தங்கி, கண்டும் கேட்டும் அறியும் மானிடவியற் பயிற்சி இக்குறைகளை ஈடுசெய்ய வல்லது.

திருப்பெரும்புதூரை அடுத்த பென்னலூரில் இதனைச் சோதித்துப் பார்ப்போம். அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகின்றன. ஏரிப்பாசன ஊர்களில் இன்று பீகார், ஒடிசா மாநிலத்தாரும் தென் மாவட்டத்தாரும் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். ஆயுதபூஜையன்று இயந்திரத்திற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பொரி வழங்கும்போது கிறிஸ்தவத் தொழிலாளி என் செய்வார்? "வாங்காதே" என்றோ "வாங்கினால் என்ன" என்றோ உடனே விடையிறுக்கும் போதகர், வினாவையே செவ்வனே கேட்டவரல்லர். அச்செயல் அவருக்கு வழிபாடா, மேலாளர் முன் காட்டும் பணிவா, உடனுழைப்போரின் தோழமையா? ஒப்பந்தத் தொழிலாளியாயின், மறுப்பதன் விலை யாது? பவுல் அப்போஸ்தலரும் கொரிந்து சபைக்கு எழுதுகையில் (1 கொரி. 8–10) விக்கிரகக் கோயிலின் பந்தியையும், கடைத்தெரு இறைச்சியையும், அயலார் வீட்டு விருந்தையும் வேறுபடுத்தியே ஆலோசனை கூறினார்.

இத்தகைய ஆராய்ச்சி விசுவாசத்தைத் தளர்த்தும் என அஞ்சுவோர் உளர். இந்நூலை எழுதிய சீகன்பால்க் ஐயரே, அடுத்த ஈராண்டுகளில், 1714–15இல், தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார். கேட்டறிந்தமை அவரது பிரசங்கத்தை ஊமையாக்கவில்லை.

எனவே, மானிடவியலை விருப்பப் பாடமாக ஒதுக்காது, ஒவ்வொரு மாணவரும் பென்னலூர் போன்ற ஓர் ஊரில் ஒரு பருவமேனும் தங்கி, மூன்று ஷிப்டுத் தொழிலாளரையும் சந்தித்துக் கேட்டபின்னரே பிரசங்கிக்க வேண்டுமென நாம் பரிந்துரைக்கிறோம்.