எரிந்த ஊரும் ஏழைக் கணக்கும்

சீட்டாட்டம் என்றால் நமக்கு ரம்மி. மிஞ்சிப்போனால் மூணு சீட்டு. சீட்டை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே கட்டலாம் என்றால் நம்புவீர்களா? மார்ட்டின் வாலஸ் என்ற பிரிட்டிஷ்காரர் 2010-ல் அப்படி ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். பெயர் ‘லண்டன்’. 2017-ல் வந்த இரண்டாம் பதிப்பில் வரைபடத்தையும் எடுத்துவிட்டு, பேட்டைகளைக்கூட சீட்டாகவே ஆக்கிவிட்டார்கள்.

1666 செப்டம்பர் 2. புட்டிங் லேன் என்ற சந்தில், ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ நாலு நாள் எரிந்தது. சுமார் 13,200 வீடுகள், 87 தேவாலயங்கள், பழைய செயின்ட் பால் கதீட்ரல் எல்லாம் போச்சு. ஆட்டம் தொடங்குவது அந்தச் சாம்பலில். ஆளுக்கொரு லண்டனைக் கட்ட வேண்டும்.

ஒரு சீட்டை இறக்க, அதே நிறத்தில் இன்னொன்றைத் தியாகம் பண்ணணும். நீங்கள் கழித்துவிட்டதை எதிராளி பொறுக்கிக்கொள்ளலாம். கட்டியதெல்லாம் சும்மா நிற்கும். ‘ஊரை ஓட்டுகிறேன்’ என்று சொல்லும்போதுதான் காசும் புள்ளியும் வரும். கூடவே வறுமையும் வரும்! கட்டிய அடுக்குகளுக்கும் கையில் பதுக்கிய சீட்டுகளுக்கும் கறுப்புக் கட்டைகள். பேட்டைகள் வாங்கியிருந்தால் அந்த அளவுக்குக் குறையும்.

பி.காம். படித்தவன் என்பதால் இந்த இடத்தில் எழுந்து நின்று கை தட்டினேன். ஊர் கட்டும் ஆட்டங்களில் வரவு மட்டும்தான் இருக்கும். இங்கே பற்றுப் பக்கமும் இருக்கிறது. வளர்ச்சிக்கு ஒரு பில் வரும் என்று சொல்ல தைரியம் வேண்டும்.

ஆனால் கடைசியில் சறுக்கல். ஆட்டம் முடிந்ததும், யாரிடம் வறுமை குறைவோ அவரிடம் உள்ள அளவை எல்லோரும் கழித்துவிடலாம். மிச்சத்துக்குத்தான் தண்டனை. போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் எட்டு கட்டை, மைத்துனனிடம் பதினாலு. எனக்குப் பூஜ்யம், அவனுக்கு ஆறு. ஜெயித்துவிட்டேன். அவன் கேட்டான்: “மாமா, உங்க ஊர்லயும் எட்டு இருந்துச்சே, எங்கே போச்சு?”

பதில் இல்லை. பக்கத்து ஊரைவிடப் பரவாயில்லை என்றால் நம் ஊரில் ஏழையே இல்லை என்று ஆகிவிடுமா? ஒரு கம்பெனி கடனை இப்படித் தள்ளுபடி செய்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

நிஜ லண்டன் இதைவிட நேர்மையாக யோசித்தது. அன்றைய குத்தகை ஒப்பந்தங்கள் பலவற்றின்படி, வீடு எரிந்தாலும் குடியிருந்தவர்தான் வாடகை கட்டணும், தன் செலவில் திரும்பக் கட்டியும் தரணும். அப்படியே விட்டிருந்தால் ஊர் எழுந்திருக்காது. 1667-ல் இதற்கென்றே தீ நீதிமன்றம் ஒன்றை அமைத்தார்கள். நீதிபதிகள் கூலி வாங்காமல் உட்கார்ந்து, கட்டுகிறவருக்கு வாடகையைக் குறைத்தார்கள், குத்தகையை நீட்டினார்கள். நஷ்டத்தை யார் எவ்வளவு சுமப்பது என்று வழக்கு வழக்காகப் பேசித் தீர்த்தார்கள்.

கிறிஸ்டோபர் ரென் 1711-ல் முடித்த கதீட்ரல் எல்லோருக்கும் தெரிகிறது. இந்தக் கோர்ட் தெரிவதில்லை. ஆட்டத்திலும் வாடகைக்காரர் இல்லை, கட்டைதான் இருக்கிறது.

இருந்தாலும் வாங்கி ஆடுங்கள். கடைசியில் கட்டைகளைக் கழிக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் தயங்குங்கள். அந்தத் தயக்கத்துக்காகவே இந்த ஆட்டம் பெட்டிக்குக் கொடுத்த காசுக்குத் தகும்.