பாண்டி பஜாரின் பாதி வெற்றி

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகத்தை 2019 நவம்பர் 13 அன்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார். பனகல் பூங்காவில் தொடங்கி தணிகாசலம் சாலைச் சந்திப்பு வரை வேலை நடந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவு. அதைப் பற்றி அன்றிலிருந்து இரண்டே விதமான பேச்சுதான் காதில் விழுகிறது. படம் எடுத்துப் போடுகிறவர்கள் ‘வெளிநாடு மாதிரி இருக்கு’ என்கிறார்கள். வண்டியை எங்கே விடுவது என்று மூன்று தெரு சுற்றியவர்கள் ‘இருந்த ரோட்டையும் கெடுத்துட்டாங்க’ என்கிறார்கள். இரண்டையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு கடைத்தெருவை நடப்பவர்களிடம் ஒப்படைத்தது சரியா என்று எடைபோடத் தெருவுக்குள் நின்று பார்த்தால் போதாது. அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள், கை நிறையப் பையோடு எப்படித் திரும்பினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதில் எங்களுக்கு ஒரு தனி அக்கறை உண்டு. தெற்கு அந்தமானில் குட்வில் எஸ்டேட் மாதிரி ஊர்களில் குடியிருப்பவர்களுக்குப் ‘பஜார்’ என்றால் போர்ட் பிளேரின் அபர்டீன் பஜார்தான். கப்பலிலோ விமானத்திலோ சென்னை போய் வருகிறவர்கள் பாண்டி பஜாரைப் பார்த்துவிட்டு, நம்ம பஜாரையும் இப்படிச் செய்தால் என்ன என்று கேட்பது இயல்பு. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரும் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்ற ஊர்தான். சென்னை 2016 ஜனவரியில் தேர்வானது, போர்ட் பிளேர் அதே ஆண்டு மே மாதத்தில். ஆகவே கேள்வி வெறும் கற்பனை இல்லை.

முதலில் பாண்டி பஜாரின் வரவுக் கணக்கு. பழைய பாண்டி பஜாரை அறிந்தவர்களுக்குத் தெரியும்: நடைபாதை என்று ஒன்று காகிதத்தில் இருந்தது, காலுக்குக் கீழே இல்லை. ஒரு பக்கம் தரைக்கடை, இன்னொரு பக்கம் நிறுத்திய பைக். நடப்பவர் ரோட்டில் இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் நடந்தார். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டி நெறி நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டராவது வேண்டும் என்கிறது. அதைக்கூடப் பல தெருக்களில் எட்டாத நகரத்தில், இங்கே சில பெரிய வீடுகளின் கூடத்தைவிட அகலமாக நடைபாதை போட்டார்கள். சாயங்காலம் போனால் வித்தியாசம் புரியும். ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு, ஆல்டரேஷன் முடிகிற வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். அவர்கள் முன்பு கடை வாசலில், உள்ளே வருகிறவர்களுக்கு வழிவிட்டபடி, நின்றுகொண்டிருந்தார்கள். முழங்கால் வலியுள்ள தாத்தா ஒருவர் நான்கு கடைக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுந்தே தெருவின் மறுகோடிக்குப் போய்விடுகிறார். ஏதும் வாங்காமல் ஒரு மணி நேரம் இருக்க இடம் தரும் கடைத்தெரு தமிழ்நாட்டில் அபூர்வம். இந்த வரவைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் காரில் வந்து, ஒரே கடைக்குள் போய், காரிலேயே திரும்புகிறவர்கள்.

சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அந்தத் தாள் கல்லாக மாறிய இடம் பாண்டி பஜார். இது பெரிய விஷயம்தான்.

இனி செலவுக் கணக்கு. தியாகராய நகர் 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் மாம்பலம் ஏரிப்பகுதியில் திட்டமிட்டு அமைத்த குடியிருப்பு. நடுவில் பனகல் பூங்கா. உஸ்மான் சாலை, பாண்டி பஜார் அமைந்த தியாகராய சாலை, ஜி.என். செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலை எல்லாம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல அங்கே வந்து கூடுகின்றன. குடியிருப்புக்கு அழகான அமைப்பு. ஆனால் ஓர் ஆரக்காலைக் குறுக்கினால் அதில் ஓடிய வண்டியெல்லாம் பூங்காவைச் சுற்றித்தான் ஆக வேண்டும். மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிகளைத் தடுக்க முடிந்ததென்றால், அதற்குப் பின்னால் ஆவணி மூலம், மாசி, வெளி என்று வரிசையாக வளையங்கள் இருப்பதே பெரிய காரணம். ஒரு வளையம் மூடினால் அடுத்த வளையம் ஏற்றுக்கொள்ளும். தியாகராய நகருக்கு அந்த வசதி இல்லை. எனவே பாண்டி பஜாரை முழுக்க மூடாமல், வண்டிகளுக்கு ஒரு குறுகிய தடத்தை விட்டதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தடத்தை யாருக்கு விட்டார்கள் என்பதுதான் என் புகார். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் முதல் உரிமை கொடுத்து, சொந்தக் காரைக் கடைசியில் வைத்திருக்கலாம். எல்லோரும் ஒரே தடத்தில் மாட்டிக்கொண்டபோது, எழுபது பேரை ஏற்றிய பஸ்ஸும் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் காரும் சமமாகிவிட்டன.

வியாபாரிகளின் அச்சத்தையும் எடுத்துக்கொள்வோம். வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது உலகம் முழுக்கக் கேட்கும் வாதம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006-ல் ஓர் ஆய்வு நடந்தது. தங்கள் வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் கருதினார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது வந்த விடை 22 சதவீதம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வாசலில் நிற்கும் கார் தெரியும், மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்தவரின் ரயில் தெரியாது.

ஆனால் இந்த வாதத்தோடு நின்றுவிட்டால் அது பாதி நேர்மைதான். அமெரிக்காவில் இதே முயற்சி பெருவாரியாகத் தோற்றிருக்கிறது. கலமசூ நகரம் 1959-ல் கடைத்தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் ஆக்கி, 1998-ல் மறுபடி கார்களை உள்ளே விட்டது. சிகாகோவின் ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் 1979-ல் பஸ்ஸைத் தவிர மற்ற வண்டிகளை நிறுத்தினார்கள், 1996-ல் திரும்ப அனுமதித்தார்கள். 1962-ல் மூடிய கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட் மட்டும் ஏன் நிலைத்தது? சுற்றிலும் மக்கள் குடியிருந்தார்கள், காரில்லாமலே வந்து சேர வழியிருந்தது. கலமசூவில் குடியிருப்பும் கடைகளும் புறநகருக்குப் போய்விட்டிருந்தன. நடக்கத் தெரு போட்டார்கள், நடக்க ஆள் இல்லை.

இந்த அளவுகோலில் தியாகராய நகருக்குக் கவலையே இருக்கக் கூடாது. மின்சார ரயில் வாசலில் நிற்கிறது, பஸ் நிலையம் இருக்கிறது, கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. ரங்கநாதன் தெருவைப் பாருங்கள். எந்தத் திட்டமும் இல்லாமல், ஒரு ரூபாய் ஒதுக்காமல், கூட்டமே தன் நெரிசலால் வண்டிகளை வெளியேற்றிய தெரு அது. (அதன் இன்னொரு முகமும் நினைவிருக்கட்டும். 2008 செப்டம்பர் 1 அன்று அங்கே ஒரு பெரிய கடையில் பற்றிய தீயில் ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். நடைத்தெரு என்றால் தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் எப்போதும் திறந்த ஒரு வழி உள்ள தெரு என்றுதான் பொருள் கொள்ள வேண்டும்.)

பிரச்சினை வேலைகளின் வரிசையில் இருக்கிறது. நடைபாதை 2019-ல் வந்துவிட்டது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே 16-ல்தான் திறந்தது. அதற்கு 28.45 கோடி ரூபாய். அதுவும் பஸ் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து பாண்டி பஜாருக்கு வர வேண்டுமென்றால் நடுவில் உஸ்மான் சாலை. ஆகாயத்தில் நடந்து வந்தவர் அங்கே மறுபடி பழைய சென்னையில் இறங்குகிறார்: நகைக்கடை வாசல் கூட்டம், ஆட்டோ, பழவண்டி, இரும்புத் தடுப்பு. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் மெட்ரோ வழித்தடத்தில் பனகல் பூங்கா நிலையம் உண்டு. ஆனால் நடைபாதை திறந்த 2019-ல் அது வரைபடத்தில் மட்டும் இருந்தது. வந்து சேரும் வழியை முதலில் போட்டு, தெருவை அடுத்து மாற்றுவதற்குப் பதில், தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். காரை விட்டுவிட்டு வா என்று சொன்ன அதே வட்டாரத்தில் 2025 செப்டம்பரில் தெற்கு உஸ்மான் சாலையையும் சி.ஐ.டி. நகரையும் இணைக்கும் இரும்பு மேம்பாலம் சுமார் 165 கோடி ரூபாயில் திறந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 60 சதவீதக் கொள்கை எந்த அளவுக்கு நிஜம் என்பது இந்த இரண்டு தொகைகளிலேயே தெரிகிறது.

வண்டி நிறுத்தம் இன்னொரு சங்கதி. தணிகாசலம் சாலையருகே கட்டிய பல அடுக்கு நிறுத்தத்தில் 222 கார்களுக்கும் 513 இருசக்கர வண்டிகளுக்கும் இடம். இடம் இருந்தும் நடைபாதைமீது பைக் ஏறி நிற்பதை யாரும் பார்க்கலாம். இதற்கு மக்களின் ஒழுக்கத்தைக் குறை சொல்வது சுலபம், பயனில்லை. கடை வாசலில் சும்மா நிறுத்த முடிகிறபோது காசு கொடுத்து மாடியேறி, அங்கிருந்து நடந்து வர யார் முன்வருவார்? தெருவோரம் நிறுத்தினால் அதிகக் கட்டணம், கட்டடத்தில் நிறுத்தினால் குறைவு என்று கணக்கைத் திருப்பிப் போட்டு, அதைத் தினமும் வசூலிக்க ஆளும் வைத்தால்தான் கட்டடம் நிரம்பும். அதோடு ஒன்றை மறந்தே விட்டார்கள்: கல்யாண ஜவுளிக்கு வெளியூரிலிருந்து வேன் பிடித்து வரும் குடும்பங்கள். தியாகராய நகரின் பெரிய வியாபாரத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. பாட்டியையும் கைக்குழந்தையையும் இறக்கிவிட்டு, வேன் வேறிடம் போய் நிற்க, திரும்பும்போது இருபது பையோடு ஏறிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அது பார்க்கிங் கணக்கில் வராது. பத்து நிமிட நிறுத்தம் அது.

தரைக்கடைக்காரர்களை 2013-லேயே அடுக்குமாடி வளாகத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். தெருவோர வியாபாரிகளுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது அடுத்த ஆண்டுதான். கொண்டை ஊசியும் ரிப்பனும் வாங்க மாடியேறுகிறவர் குறைவு. அகன்ற நடைபாதை வந்தபின் அதில் அளந்து கோடு போட்டு அவர்களில் ஒரு பகுதியினருக்கு இடம் கொடுத்திருக்கலாம். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரில் தண்ணீர் தேங்கியதும், அதைத் தொடர்ந்து ஸ்மார்ட் சிட்டி பணிகளை விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்ததும் ஊரறிந்த கதை. எல்லாப் பழியையும் நடைபாதைக் கல்மீது போடுவது நியாயமில்லை. ஆனாலும் கல் பதிக்கும் முன்பு அடியில் ஓடும் வடிகாலைப் பார்த்தீர்களா என்ற கேள்வியை எந்த ஊரும் இனித் தவிர்க்க முடியாது.

என் தீர்ப்பு இதுதான். நடைபாதை என்ற அளவில் பாண்டி பஜார் தேறிவிட்டது, அதைத் திரும்பப் பழைய ரோடாக்குவது முட்டாள்தனம். போக்குவரத்துத் திட்டம் என்ற அளவில் அது தேறவில்லை. அதைத் தெரு அலங்காரமாக நினைத்துத் தொடங்கியதால் வந்த வினை.

அபர்டீன் பஜாருக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே தூக்கிவரக் கூடாது. எங்களுக்கு ரயில் இல்லை, மெட்ரோ வரப்போவதில்லை. இருப்பது மோகன்புராவில் பஸ் நிலையம், ஆட்டோ, சொந்த ஸ்கூட்டர். ஊரே மேடும் இறக்கமும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை, அதுவும் மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். தலைக்கு மேல் கூரையில்லாத அகன்ற நடைபாதை வருஷத்தில் பாதி நாள் வெறும் ஈரக்கல்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பஜாருக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் வேறு தீவுக்காரர்கள். காலைப் படகில் வந்து, அரிசி மூட்டை, பெயின்ட் டப்பா, மிக்சி எல்லாம் வாங்கிக்கொண்டு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் படகைப் பிடிக்க ஓடுகிறவர்கள். ஹேவ்லாக் தீவுக்காரரிடம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மணிக்கூண்டு வரை நடங்கள் என்று சொல்கிற திட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

டெல்லி சாந்தினி சௌக்கில் 2021 முதல் காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணிவரை மோட்டார் வண்டிக்குத் தடை, சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு அனுமதி. மீறல்கள் இருந்தாலும் அந்த நேரப் பங்கீடு நமக்குப் பொருத்தமான யோசனை. இங்கே அதை இன்னும் சுருக்கி, சாயங்காலம் நான்கு மணி நேரம் மட்டும் சொந்த வண்டிகளைத் தடுத்து, பஸ்ஸையும் மூட்டையேற்றும் ஆட்டோவையும் விட்டுப் பார்க்கலாம். சரக்கு லாரிக்குக் காலை நேரம். கடைக்காரர்களுக்குச் சேதமா லாபமா என்பது மூன்று மாதத்தில் அவர்கள் கல்லாவிலேயே தெரிந்துவிடும். சரிப்படாவிட்டால் இரும்புத் தடுப்பை எடுத்துவிடலாம், உடைக்கக் கல் ஏதும் இருக்காது. அதற்கு முன்பு நகராட்சி செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. படகு வரும் நாள், வராத நாள் இரண்டும் சேர்ந்த ஒரு வாரம், பஜாருக்குள் நுழைகிறவர்களை எண்ணி, எதில் வந்தீர்கள், எதைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். டெண்டர் அதற்கு அப்புறம்.