வெறும் பை

"பை எடுத்தாச்சு" என்கிறார்கள் நம் பெண்கள். கருப்பை, கர்ப்பப்பை என்ற இரண்டு சொற்களிலும் அந்த உறுப்பு ஒரு கொள்கலன்தான். கரு தங்கும்வரை அதற்கு மதிப்பு. பிறகு வெறும் பை. கருப்பை இறங்கிவிட்டதென்று மருத்துவரிடம் போகும் பெண்ணை எதிர்கொள்ளும் கேள்வியிலும் இந்தச் சொல்லின் தருக்கமே இயங்குகிறது: "பிள்ளை பெத்து முடிச்சாச்சா?" முடித்தாயிற்று என்றால், எடுத்துவிடலாம்.

உடற்கூறு வேறு கதை சொல்கிறது. பிரசவங்கள், மாதவிடாய் நின்றபின் வரும் தளர்ச்சி, ஓயாத சுமை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் இவற்றால் இடுப்புத்தளத் தசைகளும் கருப்பையை இழுத்துப் பிடிக்கும் நார்களும் நைந்துபோகின்றன. பழுது தாங்குபவற்றில். கருப்பையை எடுத்தபின் அவற்றைச் சீர்செய்யாவிட்டால், யோனியின் மேல்முனையே பின்னாளில் இறங்கக்கூடும்.

கருப்பையை வைத்துக்கொண்டே சீர்செய்யும் அறுவைகள் நேற்று வந்தவை அல்ல. 1888இல் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் தொடங்கி, பின்னர் ஃபாதர்கில் திருத்திய மான்செஸ்டர் முறையில், நீண்டுவிட்ட கருப்பைக் கழுத்தைக் குறைத்து நார்களை இறுக்கித் தைக்கிறார்கள். பம்பாயில் ஷிரோத்கர், புரந்தரே ஆகியோர் வயிற்றைத் திறந்து கருப்பையைத் தூக்கிக் கட்டும் முறைகளை உருவாக்கினார்கள். இவற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் இனிமேல் பிள்ளை பெறவேண்டிய இளம்பெண்களுக்கென ஒதுக்கின. அங்கே காக்கப்பட்டது பெண்ணின் உடலா, பிறக்கப்போகும் வாரிசா?

பிள்ளைப்பேற்றைக் கடந்த பெண்களிடம் நடந்த ஆய்வுகளால் இந்தக் கேள்வி கூர்மையடைகிறது. யோனிவழியாகக் கருப்பைக் கழுத்தை இடுப்பெலும்பின் உறுதியான நாரோடு தைத்து நிறுத்தும் முறை, ஓராண்டு முடிவில் கருப்பை நீக்கத்துக்குப் பின்தங்கவில்லை என்று 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. அதே நாட்டில் 434 பெண்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு கழித்து இந்தத் தையல்முறை 77 விழுக்காட்டினருக்கும் பழைய மான்செஸ்டர் முறை 87 விழுக்காட்டினருக்கும் வெற்றி தந்திருந்தது. பங்கேற்றவர்களின் சராசரி வயது அறுபதுக்கு மேல். அந்த வயதிலும் வைத்துக்கொள்வது ஒரு தெரிவுதான்.

இதைச் சொல்வது கருப்பையைப் புனிதமாக்க அல்ல. தாய்மைப் பெருமை பேசி அதை வைத்துக்கொள்ளச் சொல்வதும் அதே 'பை'யின் மறுபக்கம்தான். புற்றுநோய் அபாயமோ காரணம் தெரியாத ரத்தப்போக்கோ இருந்தால் நீக்குவதே சரியாகலாம். எடுத்துவிட விரும்பும் பெண்ணின் முடிவும் அவளுடையது. வைத்துக்கொள்பவர்கள் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தொடரவேண்டும். அறுவையே வேண்டாமென்றால் உள்ளே பொருத்தும் வளையமும் இடுப்புத்தளப் பயிற்சியும் உண்டு. வலை வைப்பதாகச் சொன்னால், எந்த வழியாக என்று கேட்கவேண்டும்: இறக்கத்துக்காக யோனிவழியே பொருத்தும் வலைகளின் விற்பனையை அமெரிக்கா 2019இல் நிறுத்தியது.

ஆகவே, "பிள்ளை முடிச்சாச்சா?" என்று கேட்கப்படும்போது நாம் திருப்பிக் கேட்கவேண்டியவை இவை. எனக்குத் தளர்ந்திருப்பது எது? அதை எப்படிச் சீர்செய்வீர்கள்? கருப்பையை எடுப்பதற்கு என் உடலில் இருக்கும் காரணம் என்ன? மூன்றாவது கேள்விக்கு வயதும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் மட்டுமே பதிலாக வந்தால், கையெழுத்துப் போடாமல் இன்னொரு மருத்துவரைப் பார்க்கலாம்.